சன்னல் ஸ்டிக்கரும் திருப்பிப் போட்ட பெஞ்சும்

காலையிலிருந்து என் கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. மகள் புதிதாகக் குடிவந்திருக்கும் வாடகை வீட்டில், முன்பு இருந்தவர்கள் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். வெயிலில் காய்ந்துபோய் நகத்தளவு நகத்தளவாகத்தான் பிய்கிறது. "ஆள் வச்சுச் செய்யலாமேம்மா" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்த வேலையில் உனக்கும் எனக்கும் இருந்த அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லு!

தொண்ணூற்றொன்பதில், மலைமேல் செம்மேட்டில், தோழிகள் நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. நான் திருநெல்வேலிப் பக்கம், நீ ராசிபுரம். ஒரே ஆபீஸ், ஒரே அடுப்பு. சன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. எதிரே டீக்கடை, பக்கத்திலேயே பஸ் நிற்கும். திரைச்சீலை போடலாம் என்றாய் நீ. மலைப்பனியில் துணி நமுத்து நாறும் என்று சட்டம் பேசியவள் நான். நாமக்கல்லில் கார் கண்ணாடிக்கு ஒட்டும் பளபள ஸ்டிக்கரை ஒரு சுருள் வாங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவிலும் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து ஒட்டினேன்.

உள்ளேயிருந்து பார்த்தால் ரோடு தெரியும். வெளியே நிற்பவருக்கு அவரவர் முகம்தான் தெரியும். பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களெல்லாம் நம் சன்னலில் தலை சீவினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் ஒருவர் மீசையை முறுக்கிப் பார்த்து, பல்லில் சிக்கிய பாக்கையும் நோண்டி எடுத்தார். ஒரு முழம் இந்தப் பக்கம் நின்று நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒன்றுதான் நமக்கு விளங்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளே டீக்கடைக்கார அம்மா தன் பெஞ்சைத் திருப்பிப் போட்டிருந்தார். வருகிறவர்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கடைச் சுவரைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். "காத்தடிக்குதுன்னு திருப்பியிருப்பாங்க கண்ணு" என்றாய் நீ. சுவரைப் பார்த்து டீ குடிக்கும் ஊர் என்று நான் வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

ஆறு மாதம் போனது. இருட்டியபின் நாம் வெளியே போனதேயில்லை. அன்று பால் திரிந்துபோனதால் நீ மட்டும் போனாய். நான் நைட்டியோடு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ரேடியோப் பாட்டுக்குக் கரண்டியை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தேன். ஓடிவந்த நீ முதலில் லைட்டை அணைத்தாய்.

"அட சாமி! வெளிய போயி நின்னு பாரு கண்ணு. ஊடு சினிமாக் கொட்டாயாட்டம் தெரியுது!"

நான் ரோட்டில் நின்றேன், நீ உள்ளே லைட்டைப் போட்டாய். உன் கை வளையலைக்கூட எண்ண முடிந்தது. உள்ளே விளக்கு எரிந்து வெளியே இருட்டாக இருந்தால் அந்த ஸ்டிக்கர் எதையும் மறைக்காது என்பது, பரீட்சை எழுதி வேலைக்கு வந்த நம் இரண்டு மூளைக்கும் எட்டவில்லை!

எனக்கு உயிரே போய்விட்டது. சேலை மாற்றியது, சண்டை போட்டது, வீட்டை நினைத்து அழுதது எல்லாவற்றையும் ஊரே பார்த்திருக்குமே. "ஏட்டி, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபீஸுக்குப் போவேன்? வேலையை எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வேலைக்கு வந்த பெண் நான் என்பதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை.

"போறதுன்னாப் போ. நீ ஒட்டுனதை நீயே உரிச்சுப்போட்டுப் போ" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெந்நீர், பிளேடு, மண்ணெண்ணெய் எல்லாம் எடுத்துவைத்து உட்கார்ந்தோம். நான் ஆத்திரத்தில் பிய்த்தேன். பசை கண்ணாடியிலேயே நின்றது. "ஊறட்டும் கண்ணு. புடுங்குனா பசைதான் மிஞ்சும்" என்று என் கையைத் தட்டிவிட்டாய்.

டீக்கடை அம்மா இரண்டு கிளாஸ் டீயோடு ரோட்டைத் தாண்டி வந்தார். "கழட்டறீங்களா? நல்லதாப் போச்சுங்க."

நான் தலையை நிமிர்த்தவில்லை. நீதான் கேட்டாய்: "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதுங்களா?"

"மொத நாளே தெரிஞ்சு போச்சுங்க. வெளியூருப் புள்ளைங்க, சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவீங்களேன்னுதான் பெஞ்சைத் திருப்பிப் போட்டனுங்க. பொழுது எறங்குனா அந்தப் பக்கம் திரும்பறவனுக்கு இங்க டீ இல்லீன்னு சொல்லிப்போட்டேன். ஒருத்தரும் திரும்பலீங்க சாமி."

பிளேடும் கையுமாக நான் ஓவென்று அழுதேன். நீ பாவி, விழுந்து விழுந்து சிரித்தாய். அன்று சாயங்காலம் உன் பழைய சேலையைக் கிழித்துச் சன்னலுக்குத் திரை கட்டினோம். நான் பெட்டியைப் பிரித்தேன். எதிரே பெஞ்சும் மறுபடி ரோட்டைப் பார்த்தது. அதன்பிறகு மூன்று வருடம் அந்த மலையில் சந்தோஷமாக இருந்தேன்.

போன வருடம் சேலம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உனக்கு உடை மாற்ற வந்தபோது, நான் ஸ்டூலைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து உன் குரல் மெதுவாக வந்தது: "பெஞ்சைத் திருப்பிட்டயா கண்ணு?" நாம் சிரித்த சிரிப்பில் அந்த நர்ஸ் இருவரையும் அதட்டினாள். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. நீ இல்லாமல் எனக்குச் சிரிப்பே பாதிதான் வருகிறது.

கண்ணாடி இப்போது சுத்தமாகிவிட்டது. பொழுதும் இறங்கிவிட்டது. எதிர் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு பெண் பாட்டுக்கு ஆடுகிறாள், என்னைப்போலவே கையில் கரண்டியோடு. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

"ஏம்மா சுவரைப் பாத்து உக்காந்திருக்க?" என்கிறாள் மகள்.

"டீ போட்டுக் கொண்டா, சொல்றேன்."