வளையல் போட்ட கை யாருடையது

அன்பு மகள் ஆஷிஃபாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அப்பாவின் கைகளும் சுகம். பிராகில் குளிர் குறைந்ததா, உன் தொண்டைக்கட்டு விட்டதா என்று எழுது. மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடி, அதையும் படம் எடுத்துக்கொண்டு நிற்காதே. கைகளைத் தனியாக ஏன் சொல்கிறேன் என்றால், அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ எடுத்த படம் திரைப்பட விழாவுக்குப் போவதற்குள் அப்பாவுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அதை நீதான் செய்ய முடியும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், கடைசிக்குத் தாவாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்ததும் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, நீ அனுப்பிய படத்தைப் போட்டோம். நல்ல கூட்டம். அப்பாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு நாளைக்கு வா நாளைக்கு வா என்று அவர் சொல்லச் சொல்ல அலைந்துகொண்டிருக்கும் பெண்கள், ஆளை ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்று வந்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஹெட்விக் என்ற பெண் கறுப்பு அட்டையில் ஆளையும் குதிரையையும் வெட்டி, கண்ணாடிமேல் வைத்து, கீழே விளக்கைப் போட்டு, துளித்துளியாக நகர்த்தி அந்த நிழல்களை ஓடவைத்ததும், படமுதலாளி தன் பேரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு அவள் பேரை விட்டுவிட்டதும் எல்லாருக்கும் நன்றாகவே புரிந்தது. 'மொதலாளின்னா எல்லா ஊர்லயும் இப்டித்தான் இருக்கான்' என்று பட்டுக்கடையில் வேலை செய்யும் ராஜவேலு சத்தமாகச் சொன்னார். அவருடைய முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து ஹெட்விக் காகிதம் வெட்டுவதுபோல் நீ எடுத்த காட்சி வந்தது. பிராகில் நீ நடிக்கவைத்த பெண்ணுக்குக் கத்தரி பிடிக்கத் தெரியவில்லை என்று போன ரம்ஜானுக்கு வந்தபோது அப்பாவைக் கடையில் உட்காரவைத்து, முழங்கைவரை முடியை மழித்து, அம்பரீன் அத்தையின் பச்சைக்கல் வளையல்களை சோப்புப் போட்டு ஏற்றினாயே, அதுதான். தன் பேர் எங்கேயும் வரக்கூடாது என்று அவர் உன்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நீ விமானம் ஏறிவிட்டாய், அதற்கப்புறம் அவர் பட்டது உனக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டையில் மறைத்துப் பார்த்தார், ஆனால் தொழுகைக்குமுன் ஒளு செய்து கை கழுவும்போது ஐந்து வேளையும் முழங்கைவரை சுருட்டித்தானே ஆகவேண்டும். பள்ளிவாசல் தொட்டியருகே உஸ்மான் பாய் பார்த்துவிட்டு, 'இன்னாபா சத்தார், கோழி உரிச்ச மாரி இருக்குது, கரப்பானா?' என்று கேட்டிருக்கிறார். இவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பாவம், உஸ்மான் பாய் ஒரு பாட்டில் வேப்பெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். கரப்பான் என்று சொன்னபின் பூசாமல் இருக்க முடியுமா? முடி முளைக்கும்வரை பூசினார், வீடே நாறியது.

மண்டபத்துக்கு வருகிறேன். திரையில் கை பெரிதாகத் தெரிந்ததும் பூக்கடைப் பூவம்மாள், 'ஐய, இது அம்பரீனக்கா வளையலாச்சே! இன்னா அழகா வெட்டிக்கினு போது பாரு!' என்று கத்தினாள். உன் அத்தை அதை மறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, 'ஆஷிஃபா கெஞ்சி கேட்டுச்சிமா, சரி போவட்டும்னு செஞ்சி குடுத்தேன்' என்றாள். கத்தரியை எந்தக் கோணத்தில் பிடிக்கவேண்டும் என்றுகூட விளக்கினாள். பால் பாக்கெட்டையே பல்லால் கடித்துத் திறப்பவள் அவள்.

புரொஜெக்டர் பக்கத்தில் இருந்த உன் அப்பாவின் கழுத்து சிவந்தது. எழுந்து நின்று, 'அது என் கை' என்றார். மண்டபமே சிரித்தது. 'ஒக்காரு பாய், வளையல் போட்டுக்கற வயசா உனுக்கு?' என்றார் ராஜவேலு. அப்பா படத்தை நிறுத்தச் சொல்லி, சட்டையைச் சுருட்டி, வெளிச்சத்துக்கு நேரே கையை நீட்டினார். தையல் மெஷின் ஊசி ஏறிக் கோணிப்போன அவருடைய ஆள்காட்டி விரலின் நிழல், திரையில் நின்றிருந்த கோணல் விரலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது. அம்பரீன் விடுவாளா, அவளும் கையை நீட்டினாள். அவள் விரல்களின் நிழல் ஒரு சீப்பு வாழைப்பழமாகத் திரையில் விழுந்தது. அதற்கப்புறம் சிரித்த சிரிப்பில் உஸ்மான் பாயின் குரல்தான் தனியாகக் கேட்டது: 'அப்போ கரப்பானே இல்லியா? என் வேப்பெண்ண?'

படம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, 'அந்த ஹெட்விக் அம்மா தன் பேர் இல்லாத படத்த ஒக்காந்து பாத்திருப்பாங்க இல்ல?' என்று கேட்டார். பார்த்திருப்பார்கள் என்றேன். 'என்னால ரெண்டு நிமிஷம் தாங்க முடியல மெஹதாப்' என்றார்.

ஆகவே, உன்னிடம் வாங்கிய வாக்கை அவரே திருப்பித் தருகிறார். படக்கடைசியில் 'கைகள்: அப்துல் சத்தார், ரவிக்கைத் தையற்காரர், காஞ்சிபுரம்' என்று போடு. கடை போன் நம்பரையும் போடச் சொல்கிறார், அது வேண்டாம், இருக்கிற ரவிக்கைகளையே இன்னும் கொடுத்தபாடில்லை. 'வளையல்கள்: அம்பரீன்' என்றும் போட்டுவிடு, இல்லாவிட்டால் பெருநாளைக்கு அவள் வீட்டுப் பிரியாணி வராது. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனிதர்களின் துணையையும் கொடுக்கட்டும். மிளகு வெந்நீரை மறக்காதே, பேரை அதைவிட மறக்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மெஹதாப்

பி.கு.: கடிதத்தை அப்பா வாங்கிப் படித்துவிட்டு, கரப்பான் சமாச்சாரத்தை மட்டும் அடித்துவிடச் சொன்னார். பேர் வரவேண்டுமென்றால் எல்லாமும்தான் வரும் என்று சொல்லி உறையை ஒட்டப்போகிறேன்.