காணவில்லை அறிவிப்பு

அருப்புக்கோட்டை
7.8.1995, திங்கள்

அன்புள்ள சுபத்ராவுக்கு,

தங்கலட்சுமி எழுதுவது. பந்தல்குடித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? சின்னத்துரை அண்ணன் நலமா? வீட்டுக்குத் தெரியாமல் அவரைக் கல்யாணம் முடித்துப் போய் இருபது நாள் ஆகிறது. எனக்கு ஒரே ஒரு கார்டு. அதையும் கிழித்துவிடச் சொல்கிறாய்.

கேபிள் டிவியில் வேலை கூடிவிட்டது. மூன்று வருஷம் முன்பு காசிராஜன் அண்ணன் மாடியில் டிஷ் குடையை நிறுத்தி வீடு வீடாக வயர் இழுத்தபோது சினிமா மட்டும்தான் ஓடியது. இப்போது தினமும் ஏழு மணிக்கு நான் உள்ளூர்ச் செய்தி வாசிக்கிறேன். போன மாதத்திலிருந்து அந்தக் கேசட் மறுநாள் பஸ்ஸில் பந்தல்குடிக்கும் வருகிறது. சாயங்காலம் அங்கே போடுகிறார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். இன்று உன் அப்பா உன் போட்டோவோடு வந்தார். 'காணவில்லை' என்று அறிவிக்க வேண்டுமாம். அவருடைய ஜவுளிக்கடை விளம்பரத்தில்தான் டிவியே ஓடுகிறது. காசிராஜன் அண்ணனால் மறுக்க முடியவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வியாழன்வரை தள்ளிவைத்திருக்கிறேன். வெள்ளி சாயங்காலத்துக்குள் நீங்கள் அங்கிருந்து போய்விடுங்கள்.

உன் தங்கம்


பந்தல்குடி
8.8.1995

தங்கம்,

கடிதம் இன்று கிடைத்தது. இவர் லோடு ஏற்றிக்கொண்டு ஹைதராபாத் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வருவேன் என்றார். எத்தனை மணிக்கு என்று லாரி ஓட்டுகிறவரிடம் கேட்க முடியுமா? தனியாக எங்கே போவேன்? வீட்டுக்கார அம்மா வேறு, "ஒத்தையில என்னத்தா செய்யுற, வந்து டிவி பாரு" என்று தினமும் கூப்பிடுகிறார்.

என் அண்ணன் கையில் அகப்பட்டால் இவரை உயிரோடு விடமாட்டான். உனக்குத் தெரியாததா?

வேலையை விடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவிப்பை வாசித்தால் இதையும் வாசி: 'நான் காணாமல் போகவில்லை. எனக்கு வயது இருபத்திரண்டு. விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். தேட வேண்டாம்.'

சுபத்ரா


அருப்புக்கோட்டை
10.8.1995, வியாழன்

அன்புள்ள சுபத்ரா,

அறிவிப்பை வாசித்தேன். உன்னுடையதையும் வாசித்தேன், 'காணாமல் போகவில்லை' வரைக்கும். அதற்குள் காசிராஜன் அண்ணன் வயரைப் பிடுங்கிவிட்டார். "ஏம்மா, எம் பொழப்ப முடிச்சிட்டியே" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாமாம். கேசட்டில் உன் வார்த்தையை அழித்துவிட்டார்கள். நாளை அங்கே அறிவிப்பும் போட்டோவும் மட்டும் வரும்.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். "அவ கடுதாசி ஒன் கைக்கு எப்பிடி வந்துச்சு? எங்க இருக்கா?"

கதவிடுக்கில் கிடந்தது என்றேன். நம்பவில்லை. நீ இருக்கும் இடம் தெரியாது என்று என் அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன். உன் கார்டை வாங்கி என்னிடம் கொடுத்ததே அம்மாதான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் என்னோடு பேசவில்லை.

இந்த ராத்திரியில் போட்டால் தபால் நாளைக்குள் வராது. முதல் பஸ்ஸில் அங்கே பூ கொண்டுவரும் பெத்தம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. லாரி வந்ததும் ஏறிவிடு.

தங்கம்


14.8.1995

அன்புத் தங்கத்துக்கு,

வெள்ளிக்கிழமை ஏழு மணிவரை லாரி வரவில்லை. வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. என் நிறம், உயரம், உடுத்தியிருந்த சேலை எல்லாம் சொன்னாய். பிறகு டிவியை யாரோ நிறுத்தினார்கள். அந்த அம்மா என் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"தெறக்காத. வண்டி வந்ததும் பின்பக்கமா போயிரு. நான் எதையும் பாக்கல."

எட்டு மணிக்கு லாரி வந்தது.

பத்திரமாக இருக்கிறோம். ஊர்ப் பெயர் எழுதவில்லை. இதைக்கூட வேறு ஊரில் தபாலில் போடச் சொல்லித்தான் இன்னொரு லாரியில் கொடுத்துவிடுகிறேன். இனி எழுதவும் மாட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் போய்ச் சொல். இப்போது அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை.

சுபத்ரா