நீல நாக்கும் லாக் ஷீட்டும்

அப்பா,

டியூஷனுக்கு டீ எடுத்துப் போகலாம் என்று இன்று உங்கள் ஸ்டீல் ஃபிளாஸ்க்கை அலமாரியிலிருந்து இறக்கினேன். மூடியைத் திருகினால் ஈர மண்ணில் ஓமத்தைக் கொட்டி மிதித்த மாதிரி ஒரு வாசனை. சீனக் கஷாயம்! மூன்று முறை கழுவியும் போகவில்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கஷாயம் மட்டும் விசா முடிந்தும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அப்போது எனக்குப் பதினாலு வயது. மாதவிடாய் என்று பெயர் வைத்தவர் என்னைக் கேட்காமல் வைத்துவிட்டார். எனக்கு மூன்று மாதம் வராது, வந்தால் பதினைந்து நாளில் இரண்டு முறை வரும். வியாழன் சாயங்காலம் சவூதி ஜுபைலில் இருக்கும் உங்கள் பிளாண்டிலிருந்து கடல் பாலம் தாண்டி பஹ்ரைனில் ஈசா டவுன் வீட்டுக்கு வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்பீர்கள்.

“ஏளா, அந்த... ஷட்டவுன் எப்ப வந்துச்சு?”

“பீரியட்ஸ்னு சொல்லுங்க, நாக்கு வெந்துறாது,” என்பாள் நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பொறுப்பது உங்களுக்கு வராத வேலை. பிளாண்டில் உங்களோடு இருந்த சீனாக்காரர் ஒருவர் மனாமாவில் ஒரு சீன வைத்தியர் அம்மாவைப் பற்றிச் சொல்ல, அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம். “என்ன மருந்து தந்தாலும் நம்ம டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுக்கணும்” என்று அம்மா கண்டிஷன் போட்டாள்.

அந்த அம்மா என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடுத்த கை. நீங்கள் என் காதில், “ஏளா, மூணு விரல்லயும் மூணு பிரஷர் கேஜ் வச்சிருக்காங்க, பாத்தியா?” என்றீர்கள். நாக்கை நீட்டச் சொன்னார். எத்தனை மணிக்குத் தூங்குவேன், எதற்குக் கோபம் வரும், ரத்தம் என்ன நிறம் என்று அவர் கேட்கக் கேட்க, நீங்கள் சுவரில் இருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்தீர்கள். கடைசியில், உடம்புக்குள் குளிர் தங்கிவிட்டது, அதனால் ரத்தம் சோம்பேறியாக நகர்கிறது, சூடு தரும் வேர்களைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்றார். “ஐஸ் மாஃபி! கோல்ட் வாட்டர் மாஃபி!” அவருக்குத் தெரிந்த அரபியில் ‘மாஃபி’ என்றால் கூடவே கூடாது. வாரம் ஒரு முறை நாக்கைப் போட்டோ எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைப்பதா? பிளாண்ட் ஆபரேட்டரிடம் சொல்லலாமா அதை! அன்றைக்கே ஃபிரிட்ஜ் கதவில், பிளாண்டில் கேஜ் ரீடிங் எழுதுவது போல ஒரு லாக் ஷீட் ஒட்டிவிட்டீர்கள். தேதி, நிறம், வலி, தூக்கம், நாக்கு, கஷாயம். கடைசிக் கட்டத்தில் ‘பார்த்தவர்’. வெள்ளிக்கிழமைதோறும் அதில் உங்கள் கையெழுத்து.

இரண்டு வாரம் ஒழுங்காகக் குடித்தேன். அதன் பிறகுதான் அம்மா ஊரில் இருக்கும் அத்தையிடம் போனில் பேசியதைக் கேட்டேன். “இந்த ஏசியும் பர்கரும்தான் மைனி காரணம். ரெண்டு மாசத்துல சரியாகலேன்னா உங்க வீட்டுலயே விட்டுருதேன். அங்கயே பத்தாவது படிக்கட்டும்.”

வைத்தியர் சொன்ன குளிர் நிஜமாகவே வந்துவிட்டது. பள்ளிக்கூடம், தோழிகள், உங்கள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் போய்விடும். பேனாவை எடுத்தேன். வராத மாதவிடாயை லாக் ஷீட்டில் வரவழைத்தேன். சரியாக இருபத்தெட்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை. கஷாயம் பால்கனி மணி பிளாண்டுக்குப் போனது. அதற்கு மாதவிடாய் ஒழுங்கானதா தெரியாது, இலையெல்லாம் உதிர்ந்தது.

பொய் நன்றாக ஓடியதும் எனக்குக் கொழுப்பு கூடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை நீல ஐஸ் மிட்டாய் தின்றுவிட்டு நாக்கைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். போனைப் பையில் போட்டுவிட்டுத் தூங்கியும்விட்டேன். நீங்கள் பதினொரு முறை கூப்பிட்டது எனக்குத் தெரியாது. கதவு தட்டும் சத்தத்தில் எழுந்து போனால், பிளாண்ட் கவரால் உடுப்பு, சேஃப்டி ஷூவோடு நீங்கள்.

“நாக்க நீட்டுளா.”

நீட்டினேன். மங்கிய ஊதா நிறம். “ஐஸ் மிட்டாய்ப்பா...”

திட்டுவீர்கள் என்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். “சூப்பர்வைசர்ட்ட மக நாக்கு நீலமாயிட்டுன்னேன். யா அல்லா, யல்லா, நீ கெளம்புன்னு அனுப்பிட்டான்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜிடம் போனவர், லாக் ஷீட் முன்னால் நின்றுவிட்டீர்கள்.

“எந்த பிளாண்ட்லயும் ரீடிங் இவ்வளவு அழகா வராதுளா. இது ரூம்ல உக்காந்து எழுதுனது.”

“எப்படிப்பா தெரியும்?”

“நானும் எழுதிருக்கேன். புதுசுல, வெளிய போய் கேஜப் பாக்காம, வெயிலுக்குப் பயந்துக்கிட்டு. ஒரு பம்பு எரிஞ்சு போச்சு.” தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டே, “நீ எதுக்குப் பயந்த?” என்று கேட்டீர்கள்.

“ஊருக்கு அனுப்பிடாதீங்கப்பா” என்பதற்குள் அழுதுவிட்டேன்.

அன்று அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் நீங்கள்தான் பேசினீர்கள். “அவ எங்கயும் போகல. பீரியட்ஸ் சரியாகுறதுக்கு எத்தன மாசம் ஆனாலும் இங்கயே ஆகட்டும்.” ‘பீரியட்ஸ்’ என்ற வார்த்தையை அன்றுதான் உங்கள் வாயால் கேட்டேன், அதுவும் முழுசாக. அம்மா வாயைப் பிளந்தாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்து, “அதச் சும்மா ஒரு பேச்சுக்குத்தானடி சொன்னேன்” என்றாள்.

கசப்புக்குத் துணையாக வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஃபிளாஸ்க்கில் கஷாயத்தை ஊற்றி வைத்து, நீங்களும் என்னோடு ஒரு டம்ளர் குடித்தீர்கள். வைத்தியரிடம் அதை நான் போட்டுக்கொடுத்தபோது அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “பாபா மாஃபி! பாபா நோ டிரிங்க்!” வீடு வரைக்கும் அம்மா உங்களை, “உங்களுக்கு எப்ப ஷட்டவுன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

எட்டு மாதத்தில் எனக்கு ஓரளவு ஒழுங்கானது. வேரா, ‘ஐஸ் மாஃபி’யா, சீக்கிரம் தூங்கியதா, வயதா, எது செய்த வேலை என்று தெரியாது. அம்மா வயது என்கிறாள், நீங்கள் வேர் என்றீர்கள். அதற்கடுத்த குளிர்காலத்தில், ஜுபைலில் தங்கியிருந்த கம்பெனி கேம்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் ‘பார்த்தவர்’ கட்டம் காலி. அதற்கப்புறம் வந்த வாரங்களும் காலி.

ஆனாலும் எழுதுகிறேன் அப்பா. முப்பத்தொன்று, இருபத்தாறு, போன மாதம் நாற்பது. ஒரு ரீடிங்கும் அழகாக இல்லை, எல்லாம் வெயிலில் நின்று எடுத்தது. இன்று முப்பத்திரண்டாவது நாள், காலையில் வந்துவிட்டது. வலி கொஞ்சம். நிறம் சிவப்பு.

டியூஷனுக்குப் போகும் வழியில் ஒரு நீல மிட்டாய் வாங்கித் தின்றேன். ஐஸ் இல்லை, கவலைப்படாதீர்கள். திரும்பி வந்து கண்ணாடியில் பார்த்தேன், நல்ல நீலம். இத்தனை நாள் காலியாக விட்டிருந்த ‘பார்த்தவர்’ கட்டத்தில் நீல ஸ்கெட்ச்சால் ஒரு நாக்கு வரைந்து, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.