பொன்மலை நாற்காலியும் எங்கள் ஊர்ச் சப்பரமும்

1956 ஜூன் 17

கீரனூரில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முழுக்க அதே நாலு பாட்டு. மூன்றாவது பாட்டில் நான் நடந்துகொண்டே தூங்கிவிட்டேனாம். தூக்கத்திலும் ஒரு சுரம் தப்பவில்லையாம். எங்கள் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கும் தங்கமுத்து பிற்பாடு சொன்னான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருஷம் கிளாரினெட் ஊதிக் கண்ட பலன், தூங்கிக்கொண்டே ஊதத் தெரிந்ததுதானா?

போன மாதம் பொன்மலையில் கேட்டது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ரயிலில் ஃபயர்மேனாக இருக்கும் மச்சானைப் பார்க்கப் போனவன், சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், டான்ஸ் ஆடும் ஹாலின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒருவர் கிளாரினெட் வாசித்தார். டிரம் அடி விழுந்த பிறகு, அவசரமே இல்லாமல், கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் பிந்தித்தான் வந்தார். யாரும் வையவில்லை. அதற்குத்தான் அத்தனை பேரும் ஆடினார்கள். நானோ மிஷன் பள்ளிக்கூடத்தில் பிந்தி வருகிறவனை வெயிலில் நிற்க வைக்கிற வாத்தியார். எனக்குப் புத்தி கலங்கிப்போயிற்று.

அதற்குப் பெயர் ஜாஸ் என்று மச்சான் சொன்னான். அந்தச் செட்டில் ஒரு நாற்காலி எனக்கு வேண்டும். கல்யாணமும் வேண்டாம், கருமாதியும் வேண்டாம், நடந்துகொண்டே ஊதுவதே வேண்டாம். உட்கார்ந்து ஊத வேண்டும்.

ஜூன் 26

பெரியண்ணன் டீக்கடை ரேடியோவில் சாயங்காலம் சிலோன் ஸ்டேஷனில் இங்கிலீஷ் பாட்டு. காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாத்தியாரே, கோழியக் கழுத்தப் புடிச்ச மாதிரி இருக்குதுங்க. மாத்திரட்டா?"

"தொட்டீங்கன்னா பாருங்க!"

"ரேடியோ என்னுதுங்க" என்றார். நியாயந்தான். இன்னும் இரண்டு வடை சொல்லி அவரை அடுப்புப் பக்கம் அனுப்பினேன். இப்படியே போனால் ஜாஸ் வருகிறதோ இல்லையோ, தொந்தி வந்துவிடும்.

ஜூலை 9

கண்மாய்க்கரையில் சாதகம். பிந்தி வருவது அப்படியொன்றும் சுலபமில்லை. பிந்த வேண்டும் என்று நினைத்தால் முந்துகிறேன். முந்தக்கூடாது என்று நினைத்தால் நின்றே போகிறேன்.

கண்ணுசாமி வந்து, தன் எருமை நாலு நாளாகப் பாலைச் சுருக்கிவிட்டது என்றார். "நீங்க அங்கிட்டுத் தள்ளி நின்னு ஊதுங்க வாத்தியாரே. அது வாயில்லாச் சீவன்." கலையை முதலில் எதிர்ப்பது எருமை என்று குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5

பொன்மலை. செட்டுத் தலைவர் வில்ஃபிரட் துரை, லோகோ ஷெட்டில் வேலை. சாரமும் பனியனுமாய் ஈஸிசேரில் படுத்தபடி கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசித்தேன். பத்து விரலும் ஓடின. ஓடவா? பறந்தன!

துரை சுருட்டைக் கீழே வைத்தார். "விரல் நல்லா ஓடுது மேன். ஆனா நீ மூச்சே விட மாட்டியா? நீ விடாட்டிப் போவுது, கேக்கறவன் விடணும்ல?"

நாற்காலி இல்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டில் என் சம்சாரம் வியாகுலமேரி கேட்டாள்: "என்ன சொன்னாக?" விரல் நல்லா ஓடுதுன்னு சொன்னாக என்றேன். பொய் இல்லை.

செப்டம்பர் 7

எழுதியே ஆக வேண்டும்.

இன்று மாதா சப்பரம். இருபது பேர் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். தூக்குகிறவர்களுக்கு வழி தெரியாது, முன்னால் இருப்பவன் பிடரிதான் தெரியும். டிரம் அடிக்கு ஒரு அடி என்று எங்கள் செட்டை நம்பித்தான் கால் வைப்பார்கள். காலம் காலமாக அப்படித்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். மேலத்தெரு முக்குத் திரும்பியதும் எனக்கு என்ன வந்ததோ, மாதா பாட்டைக் கொஞ்சம் பிந்தவிட்டேன். துரை சொன்ன மாதிரி இடையில் மூச்சும் விட்டேன். ஆகா, வந்தது! ஜன்னலில் கேட்ட அதே ஆட்டம்! தங்கமுத்துப் பயலும் என் பின்னாலேயே வந்துவிட்டான்.

திரும்பிப் பார்க்கிறேன். சப்பரம் ஆடுகிறது. இருபது பேரும் வலது பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, இடது பக்கம் சாய்கிறார்கள். மாதா தலைக் கிரீடம் காதோரம் சரிந்துவிட்டது. மெழுகுவர்த்திகள் குனிந்து நிமிர்கின்றன.

"மாதா அசையுதுடீ!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான். மேலத்தெரு முழுக்க முழங்காலில் விழுந்தது. ஒருத்தி குழந்தையைச் சப்பரத்துக்கு அடியில் நீட்டினாள். நிறுத்தினால் சப்பரம் கீழே வரும், நிறுத்தாவிட்டால் அற்புதம் நடந்துகொண்டே இருக்கும். என்னடா செய்ய? கோயில் வாசல் வரைக்கும் அற்புதம் நடத்திக் கொண்டுவந்து சேர்த்தேன்.

செப்டம்பர் 9

பங்குச் சாமியார் விசாரணை. முதலில் அற்புதத்தைத்தான் விசாரித்தார். மேலத்தெருப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். பிறகு தங்கமுத்துவைக் கூப்பிட்டார். "வாத்தியார் போன பக்கம் நான் போனேனுங்க சாமி" என்று அவன் ஒரே வாக்கியத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

"சூசைமாணிக்கம், அற்புதம்னா ரோமாபுரிக்கு எழுதி அனுமதி வாங்கணும். நீர் கிளாரினெட்ல நடத்தப்படாது" என்றார். இனி நான் சப்பரத்துக்கு வாசிக்கக் கூடாது. அடுத்த வருஷம் புதுக்கோட்டையிலிருந்து ரெங்கராஜ் செட் வருமாம்.

ரெங்கராஜா! சரிகைத் தொப்பி வைத்தவனெல்லாம் பேண்டு மாஸ்டரா? போகட்டும். எனக்கென்ன. எனக்குத்தான் பொன்மலை இருக்கிறதே.

1957 பிப்ரவரி 10

மறுபடி பொன்மலை. இந்தத் தடவை மூச்சு விட்டு வாசித்தேன். பிந்தியும் வாசித்தேன். துரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "ஒரு ப்ளூஸ் வாசி" என்றார். ரேடியோவில் கேட்டுப் படித்ததை வாசித்தேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல மேன். ஆனா ப்ளூஸ்ல துக்கம் வேணும். நீ பென்ஷன் உள்ளவன் மாதிரி வாசிக்கறே."

ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். எனக்கு என்ன துக்கம் இருக்கிறது? வேலை இருக்கிறது. மேற்படி பென்ஷனும் உண்டு. வியாகுலமேரி வைக்கிற அயிரைமீன் குழம்புக்கு இந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது. இப்படியொரு குறை எனக்கு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 21

வியாகுலமேரியிடம் கேட்டேன், "ஒனக்கு ஏதாச்சும் துக்கம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன, சொல்லு."

"ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? ஒடனே எடுத்துக்கிட்டுக் கண்மாய்க்கரைக்கு ஊதப் போயிருவீக."

சரி, என்னோடு ஒரு சண்டையாவது போடு என்றேன். உலையில் அரிசி கிடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றாள்.

மார்ச் 8

தவசு காலம். துக்கத்துக்கு ஏற்ற நாள் என்று சிலுவைப்பாதைக்குப் போனேன். முன்வரிசையில் அருளம்மாள் அழுத அழகில், எந்த இடத்தில் மூச்சு விடுகிறாள் என்று கவனித்துக்கொண்டே நின்றேன். சாமியார் என்னைப் பார்த்துவிட்டார். மனம் திரும்பிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 19

பல்வலி. நல்ல அறிகுறி.

மார்ச் 20

வலி தாங்கவில்லை. இதுதான் சமயம் என்று கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தேன். அய்யோ ஆத்தா! ஒரு சுரங்கூட ஊத முடியவில்லை. துக்கம் வந்தால் வாய் வேலை செய்யவில்லை, வாய் வேலை செய்தால் துக்கம் வரவில்லை. ஜாஸ்காரர்கள் எந்த இடத்தில் வலியை வைத்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

மார்ச் 22

பல்லைப் பிடுங்கியாயிற்று. துக்கமும் போயிற்று. அயிரைமீன்.

செப்டம்பர் 7

சப்பரம். ரெங்கராஜ் செட் வந்தது. சரிகைத் தொப்பி, வெள்ளைக் காலுறை. தங்கமுத்துவை மட்டும் டிரம்முக்குச் சேர்த்துக்கொண்டார்கள். போகாதே என்று நான் சொல்லவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

நான் கூட்டத்தில் நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கும்பிட்டேன், கட்டினேன், தொங்கப் போட்டேன். என் ஊர், என் மாதா, என் பாட்டு. எவனோ ஊதிக்கொண்டு போகிறான், நான் வழிவிட்டு ஓரமாக நிற்கிறேன். சுரம் சுத்தம், தாளம் நேர்கோடு, சப்பரம் அலமாரி மாதிரி போனது. முக்கில் என் மாணவன் ஒருத்தன், "சார், நீங்க வாசிக்கலையா?" என்றான். இல்லைடா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதியில் வந்தது இதுதான் முதல் தடவை.

கிளாரினெட் மூலையில் கிடந்தது. எடுத்தேன், ஊதினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது.

வியாகுலமேரி எப்போது வந்தாளோ, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அணைந்த மெழுகுவர்த்தி.

"இப்ப என்ன வாசிச்சீக?"

"ஒண்ணுமில்ல."

"நல்லாருந்துச்சு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இதைச் சொன்னதில்லை.

செப்டம்பர் 8

என்ன வாசித்தேன்? காலையிலிருந்து தேடுகிறேன். வரவில்லை.

"இதுவா?" என்று கேட்டுக் கேட்டு வாசித்தேன். "இல்ல" என்றாள். "இதுவா?" "இல்லீங்க." பதினொரு மணிக்கு, "பள்ளிக்கொடத்துக்குப் போயி யாரையாச்சும் வெயில்ல நிப்பாட்டுங்க, போங்க" என்று அனுப்பிவிட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, திருநாள் வேறு. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

1958 ஏப்ரல் 27

மச்சான் சொல்லியனுப்பிவிட்டான்! பொன்மலை செட்டில் கிளாரினெட்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாராம். துரை என்னை வரச் சொன்னாராம். வருகிற சனிக்கிழமையே வாசிக்க வேண்டுமாம்.

நாற்காலி! நாற்காலி! பெரியண்ணன் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். ரேடியோவில் சினிமாப் பாட்டே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மே 4

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கோட்டு மச்சானுடையது, கை குட்டை. போனேன். மேடையில் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். எதிரே ஹால் நிறைய ஜனம். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. யாரும் ஆடவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், அழுகிறார்கள், காகிதத் துண்டில் விலாசம் எழுதிக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் பியானோக்காரரிடம் கேட்டேன். பாதிக் குடும்பம் ஆஸ்திரேலியா, மீதி இங்கிலாந்து, இது வழியனுப்பு என்றார். துரையும் அடுத்த வாரம் கிளம்புகிறார். செட் இன்றோடு கலைகிறது.

அதாவது, இதுதான் என் முதல் கச்சேரி, செட்டுக்கு இது கடைசிக் கச்சேரி. இதைச் சொல்லியனுப்ப மச்சானுக்கு வாய் வரவில்லை.

முடிவில் துரை, "ப்ளூஸ் வாசி மேன்" என்றார். எனக்கா, நாற்காலி கிடைத்த சந்தோஷம் இன்னும் வடியவில்லை. உள்ளே பாயசம் கொதிக்கிறது. அதோடேயே வாசித்தேன். துரை முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "இப்பத்தான் மேன்! இப்பத்தான் வந்திருக்கு ஒனக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். துக்கம் அவருடையது, என்னிடம் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல? தேங்க்யூ சார் என்றேன்.

வீட்டில்:

"நாற்காலி கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு."

"அப்பறம்?"

"மடக்கி உள்ள வச்சுட்டாங்க."

சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சோறு போட்டாள்.

ஜூலை 13

கிளாரினெட்டைத் தொடவேயில்லை, வாயில் வைக்கிற ரீடு எல்லாம் காய்ந்து கிடக்கிறது. கண்ணுசாமி எருமைக்குப் பால் கூடியிருக்கிறதாம். மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 31

சப்பரத்தில் முன்கொம்புக்குத் தோள் கொடுக்கும் சந்தனம் வந்தான், கூட நாலு பேர். சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான். தழும்பு.

"போன வருசம் அந்தத் தொப்பிக்காரன் நேரா அடிச்சுக் கொண்டுபோனான் வாத்தியாரே. தோளு கன்னிப்போச்சு. ஒரு வாரம் கலப்பையத் தொட முடியல. அதுக்கு முந்தி நீங்க வாசிச்சப்ப அங்கிட்டும் இங்கிட்டும் சாஞ்சமா, பாரம் மாறி மாறி எறங்குச்சு. பூவாட்டம் இருந்துச்சுங்க. நீங்க வாசிக்கலைன்னா இந்த வருசம் நாங்க தூக்குறதா இல்லன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வாரோம்."

"சாமி என்ன சொன்னாரு?"

"மாதா அசையக் கூடாதாம். தூக்குறவன் அசைஞ்சா அது அவருக்குத் தெரியாதாம்."

செப்டம்பர் 7

மாதா கிரீடத்தை இந்தத் தடவை நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

மேலத்தெரு முக்கு. தங்கமுத்து என்னைப் பார்த்தான். "போங்க வாத்தியாரே, நான் வாரேன்" என்றான். பிந்தினேன். என்னென்னவோ வந்தது. போன வருஷம் ஓரமாக நின்றது வந்தது, துரை முகத்தைத் துடைத்தது வந்தது, மடக்கி வைத்த நாற்காலியும் வந்தது. பொன்மலை ஹாலில் என் வாசிப்புக்கு ஒரு ஜோடிகூட ஆடவில்லை. இங்கே இருபது பேர் மாதாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. நடந்துகொண்டுதான் ஊதினேன், நாற்காலி ஞாபகமே இல்லை.

பின்னால் சாமியார் ஜெபப் புத்தகத்தில் கண்ணை வைத்தபடி வந்தார். முகம் அசையவில்லை. அங்கிக்குக் கீழே செருப்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பிந்தி விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் வியாகுலமேரி, "அதான்" என்றாள்.

"எது?"

"அன்னிக்கி வாசிச்சீகளே, அது."

மறுபடி வாசித்துப் பார்க்கட்டுமா என்றேன்.

"வேணாம். அடுத்த சப்பரத்துக்கு வரட்டும்" என்றாள்.