வண்டிக்கு யார் போவது

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்கு இரண்டாவது பல் முளைத்திருக்கிறது.

நம் தெரு மாதர் சங்கத்துக்குத் தலைவி வேண்டாம், எல்லாரும் சமம் என்று கல்லூரிப் படிப்பின் மிதப்பில் விதி எழுதியவள் நான்தானே. நிறைமாதமாக இருந்த இஞ்ஞாசிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று நாங்கள் பத்துப் பேரும் அவள் வீட்டில்தான் இருந்தோம். குதிரைவண்டி பிடிக்க இன்னொருத்தி போயிருப்பாள் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து வலியோடு இஞ்ஞாசியேதான் கேட்டாள்: "ஏ, வண்டிக்கு யாருடி போயிருக்கா?"

வண்டி வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நேற்று அதே வீட்டில் கூடினோம். தலைவி, செயலாளர் வைத்து முறையாகச் சங்கத்தைப் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. இஞ்ஞாசியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்ச புள்ள, நீயே தலைவியா இரு. இனி ஒண்ணுன்னா உன் வாசல்லதான் வந்து நிப்போம். மறுபடியும் எல்லாரும் சமம்னு சொல்லிப்புடாத, ஆத்தா."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தெருவில் குளம்புச் சத்தம் கேட்டால் பாப்பாவைக் கீழே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

நீங்கள் ஊருக்கு வரும்போது ஸ்டேஷனிலிருந்து நடந்தே வாருங்கள். வண்டி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா