அடியைப் பார்த்து வாங்கிய கெட்டில்

நேற்று தி. நகர் பாத்திரக்கடையில் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள். குற்றம் என் மேல்தான். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு கெட்டிலாகக் கவிழ்த்து அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "சார், இன்னா பண்றீங்க? அலாரம் டேக்கக் கழட்றீங்களா?" என் மகள் கவிதா, இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல, பக்கத்து வரிசையில் இட்லிப்பானைகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் காந்தம் கேஸ் ஏஜென்ஸியில் இலவசமாகக் கொடுத்தது. கேஸையே வீட்டைவிட்டு அனுப்பும் வேலைக்கு அதையே எடுத்துப் போயிருக்கிறேன். என் மூளை அவ்வளவுதான், உனக்குத் தெரியாததா?

அங்கேதான் உன் ஞாபகம் வந்தது, நண்பா. எனக்குக் கல்யாணமான புதிதில் மயிலாப்பூரில் கெட்டில் வாங்கப் போனோமே. நான் பளபளப்பைப் பார்த்து ஒன்றை எடுத்தேன். நீ பிடுங்கிக் கவிழ்த்தாய். "மச்சி, மூஞ்சப் பாத்து வாங்காத, அடியப் பாரு. உங்கூட்டு பர்னரு இன்னா சைஸு?" நான் கையால் காட்டினேன். "இதோட அடி அத்தவிட சின்னது. நெருப்பு சைடுல ஏறி கைப்பிடியத் தின்னுரும்." பிறகு தண்ணீர் கேட்டு வாங்கி, மூக்கு ஒழுகுகிறதா என்று ஊற்றிப் பார்த்தாய். "நைனா, கெட்டில் வாங்க வந்தியா, குளிக்க வந்தியா?" என்றார் கடைக்காரர். நீ சிரிக்கவே இல்லை. "இன்னொண்ணு எடு" என்றாய். அப்படி வாங்கிய அகல அடி அலுமினியக் கெட்டிலில்தான், நீ போய்ச் சேரும்வரை, நம் சாயங்கால டீ கொதித்தது.

போன மாதம் கவிதா அடையாறிலிருந்து ஒரு இண்டக்‌ஷன் அடுப்போடு வந்து இறங்கினாள். "இனிமே டீக்கு இதுதாம்பா. கேஸ் வேணாம்." நம் அலுமினியத்தை அதன்மேல் வைத்தேன். கீ கீ என்று கத்தியது. காலிங் பெல் என்று நினைத்துப் போய்க் கதவைத் திறந்தேன். யாருமில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு பாத்திரமாகவே மதிக்காதாம். அடியும் தட்டையாக இருக்க வேண்டுமாம். உன்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி.

என் சந்தேகம் வேறு. பத்தாவதைத் தாண்டாதவன்தான், ஆனாலும் ஆள் முகம் பார்க்கத் தெரியும். கேஸ் அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது. இவள் எதற்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்? தினமும் காலையில் போன் செய்து, "டீ குடிச்சீங்களாப்பா? கேஸ மூடினீங்களா?" என்கிறாள். எதிர்வீட்டு அம்மாளும் மாடிப்படியில் நிறுத்தி அதையே கேட்கிறார். என் அடுப்பின்மேல் அவருக்கென்ன அவ்வளவு அக்கறை? இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று அடுப்பு, நாளைக்கு "கே.கே. நகர் வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துருங்க" என்பாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு எவர்சில்வர் கெட்டிலில் காந்தம் டக்கென்று ஒட்டியது. கவிதா இட்லிப்பானைகளை விட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணா, இது விசில் அடிக்குமா?" என்று கடைப்பையனைக் கேட்டாள்.

"தண்ணி கொதிச்சா தெருவுக்கே கேக்கும் மேடம்."

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். "விசில் எதுக்கும்மா? எனக்கு மறதின்னு நெனக்கிறியா?"

அவள் கெட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "எதிர்வீட்டு ஆன்ட்டி போன் பண்ணாங்கப்பா. நம்ம வீட்டுலேர்ந்து கேஸ் வாசனை வந்துச்சாம். அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. கூப்ட்டா வர மாட்டீங்க. அடுப்பயாவது மாத்தலாம்னுதான்..."

கெட்டிலைத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தேன். தண்ணீர் கேட்டேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், இனி என்னைவிட்டுப் போகாது. மூக்கு ஒழுகவில்லை. "நல்ல சாமான்தான். பில் போடச் சொல்லு" என்றேன்.

ஆட்டோவில் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கோவமாப்பா?" என்றாள்.

"போடி, எனக்கென்ன கோவம். விசிலடிச்சா ஸ்டைலாத்தான் இருக்கும்."

அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். "எனக்கும் என்மேல சந்தேகமாத்தான் இருக்கும்மா. அடிக்கடி வந்துட்டுப் போ."