பொத்துவில் மணலில் விழுந்த கைச்சங்கிலி

டீச்சர்,

மேசை லாச்சியைத் திறந்தால் துரு மணக்கிறது. பொத்துவில் கடற்கரையில் தோண்டியெடுத்த சாமான்களை ஒரு கைலேஞ்சியில் முடிந்து அதற்குள் வைத்திருக்கிறேன். ஏழு சோடா மூடிகள், ஓர் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி, மீன்வலையின் ஈயக்குண்டு, எந்தப் பூட்டுக்கு உரியதென்று தெரியாத சாவி, ஒற்றைத் தோடு. கழுவித்தான் வைத்தேன். ஆனாலும் பதுளையின் இந்த ஈரக் குளிரில் அந்த வாடை போக மறுக்கிறது. லாச்சியைத் திறக்கும் போதெல்லாம் உங்கள் முகம் வந்து நிற்கிறது. நீங்கள் போய் நான்கு வருடமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் பொத்துவிலில் வாழ்க்கைப்பட்டது உங்களுக்குத் தெரியாது. மருமகன் கடற்கரையோரம் ஆறு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறார். அலையில் விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் மோதிரத்தையும் சாவியையும் மணலில் விட்டுவிட்டுத் தவிப்பார்களாம். அதற்காகவே, கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் அனுமதி கேட்டு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். நான் அங்கே போயிருந்தபோது அதைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையில் அதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவரிடம், "மகன், நானும் ஒருக்கா புடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டேன். அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, மாமிக்கு இதென்ன ஆசை என்று அவர் சிரித்தார். அந்தக் கடற்கரை எனக்கு எந்தக் கடற்கரை என்று அவருக்குத் தெரியாது.

பார்க்க அது ஓர் ஊன்றுகோலின் நுனியில் இடியப்பத் தட்டைப் பொருத்தியது போலத்தான் இருந்தது. கையில் மாட்டி முழங்கைக்குக் கீழே பட்டியை இறுக்கியதும் பாரம் தோள்வரை ஏறியது. காதுகளில் மாட்டுகிற கருவியைப் போட்டேன். கடலின் இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது. நான் இடமும் வலமுமாக வீசி நடந்தேன்.

"மாமி, வெளக்குமாறு மாதிரி வீசாதீங்க. தட்ட மணலோட சேத்து மெதுவாக் கொண்டு போங்க. இரும்பெண்டா கரகரண்டு கத்தும். நல்ல சாமான் எண்டா மணி மாதிரிச் சத்தம் வரும். ஆனா அதையும் நம்ப ஏலா. சோடா மூடியும் சில நேரம் மணியடிக்கும்."

ஈரமணலுக்கு இறங்கியதும் கருவி தானாகப் புலம்பத் தொடங்கியது. உப்புத் தண்ணீர் அதைக் குழப்புமாம். மேலே காய்ந்த மணலுக்கு ஏறினேன். அங்கே முதல் மணி ஒலித்தது. முழங்கால் வலியை மறந்து குந்தி உட்கார்ந்து, ஓட்டைகள் உள்ள கரண்டியால் அள்ளி அள்ளி அரித்துப் பார்த்தேன். சோடா மூடி. எழுந்து நான்கு அடி வைப்பதற்குள் மறுபடியும் மணி. மறுபடியும் குந்தினேன்.

எனக்கு அதிசயமாக இருந்தது மூடிகள் அல்ல, டீச்சர். நான் அந்த மணலை வெறும் மணல் என்று நினைத்திருந்தேன். ஒரு வகுப்பறை அளவான இடத்தைக் கடப்பதற்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு கிடந்தது அதற்குள். எல்லாம் யாரோ ஒருவரின் கையிலிருந்தும் பையிலிருந்தும் நழுவியவை.

மருமகன் கவனிக்காதபோது நான் தெற்கே இருந்த பாறைப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தேன். நம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்கு வரிசையாக நின்ற இடம் அதுதான்.

மடுல்சீமையில் பாடசாலைக்குப் பின்னாலிருந்த ஆசிரியர் விடுதியின் ஒற்றை அறையில், வார நாட்களில், நீங்களும் நானும் ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். நான் பதுளை நகரத்தில் கடைக்காரர் வீட்டுப் பெண். நீங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அந்த லயத்திலிருந்து முதன்முதலாக ஆசிரியையாக வந்தவர். நான் தொழும் நேரத்தில் உங்கள் ரேடியோவின் சத்தம் குறையும். நோன்பு மாதத்தில் வெளியே மூடுபனி இறங்கும்போது இஞ்சித் தேத்தண்ணீரை மூடி வைத்துவிட்டு, நான் நோன்பு திறக்கும்வரை நீங்களும் குடிக்காமல் காத்திருப்பீர்கள். "நம்ம புள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும் டீச்சர், கணக்கோட பாஷைதான் தெரியாது" என்று நீங்கள் சொன்னதைப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் என் சொந்தச் சொல்லைப் போல நான் சொல்லியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடல் பார்க்கக் கூட்டிப் போனோம். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று பஸ் இறங்க இறங்கப் பிள்ளைகள் ஸ்வெட்டர்களைக் கழற்றினார்கள். கடலைக் கண்டதும் ஒரு சிறுமி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இத யாரு இப்படி ஆட்டுறா?" என்று கேட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. "நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன். ரெண்டு பேருமாக் கண்டுபிடிப்போம்" என்றீர்கள்.

உம்மா எனக்குக் கல்யாணத்தில் போட்ட கைச்சங்கிலியின் கொக்கி தளர்ந்திருந்தது. தண்ணீருக்குள் இறங்குமுன் கழற்றி, "டீச்சர், இதக் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று உங்களிடம் தந்தேன். சேலை முந்தானையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகினீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய அலை வந்து பிள்ளையொன்றைச் சாய்த்து இழுத்தது. நான் நின்ற இடத்தில் நின்று கத்தினேன். நீங்கள் சேலையோடு ஓடினீர்கள். மார்பளவுத் தண்ணீரில் விழுந்து எழும்பி, பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தீர்கள். முந்தானை பின்னால் தண்ணீரில் நீண்டு மிதந்து வந்தது. அதன் நுனியில் ஒன்றும் இல்லை.

எல்லாரும் கைகளால் மணலைத் துழாவினோம். சாரதி ஹோன் அடித்த பிறகும் நீங்கள் எழும்பவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் ஈரச்சேலையோடு உட்கார்ந்து, "என்னாலதானே டீச்சர்" என்றீர்கள். "விடுங்க, கடல்தானே எடுத்துச்சு" என்றேன். அந்த நேரத்தில் நான் அதை உண்மையாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் ஒன்று கேட்டார். "ரெண்டு முடிச்சுப் போட்டாங்களாம். முடிச்சவுக்கக் கடலுக்குத் தெரியுமா?" அவருடைய தாத்தா, அதாவது மூத்த சகோதரி, சிரித்துக்கொண்டே, "தோட்டத்து ஆக்கள்ட கையில தங்கத்தக் குடுக்கலாமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஓடியதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது உங்கள் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடவில்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அது பூட்டியிருந்தது. திறந்திருந்தால் பார்த்திருப்பேன். அந்த வாரமே பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், உங்களுக்கு யார்லயாவது சந்தேகமா?" என்று கேட்டார். "என்ன சொல்றதெண்டே தெரியல சேர்" என்றேன். அது போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் நீங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அது எதனால் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமலே ஒரே அறையில் படுத்து எழும்பினோம்.

நான்கு மாதம் கழித்து லுணுகலையில் உங்கள் தங்கையின் கல்யாணம். எனக்கென்று புதுச் சட்டியில் மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைக்க வைத்திருந்தீர்கள். மணப்பெண்ணை வாழ்த்தப் போனவள், வளையல் நன்றாயிருக்கிறது என்று சொல்லி அவள் கையை எடுத்தேன். எடுத்தவள், மணிக்கட்டைத் திருப்பி, அங்கே கிடந்த சங்கிலியின் கொக்கியைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது சந்தனக் கிண்ணத்தோடு நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"பாத்துட்டீங்களா டீச்சர்?" என்றீர்கள். குரல் உயரவே இல்லை. "அது கவரிங். எங்களால முடிஞ்சது அவ்வளவுதான்."

அடுத்த பாடசாலைத் தவணை தொடங்குமுன்பே நீங்கள் லுணுகலைப் பக்கத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் பதுளைக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமையில் அறையைக் காலி செய்திருந்தீர்கள். என் பாயும் புத்தகங்களும் தூசு தட்டி ஒழுங்காக அடுக்கியிருந்தன.

பிறகு பத்து வருடத்துக்கு மேல் போனது. நீங்கள் பதுளை ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தோடம்பழங்களோடு வந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டிலருகே உட்கார்ந்ததும் மழையைப் பற்றிப் பேசினேன். ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினேன். நீங்கள் மெலிந்த விரலால் என் மணிக்கட்டைத் தொட்டு, "கை வெறுமையா இருக்கே டீச்சர்" என்றீர்கள். "வயசாச்சு, இப்ப ஒண்டும் போடுறதில்ல" என்றேன். அது நீங்கள் எனக்குத் திறந்துவிட்ட கதவு. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி வந்து சொன்னபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் வரலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் உங்களுடைய மரண அறிவித்தல்தான் வந்தது.

கடற்கரையில் பாறைக்குப் பக்கத்தில் கருவி ஒரு தடவை தெளிவாக ஒலித்தது. ஒரு முழம் தோண்டினேன். மணலோடு வந்தது ஒற்றைத் தோடு. தங்கம்தான், சின்னக் கல் வைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைத் தொலைத்த வீட்டில் யாரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்? வேலைக்கு வந்த பெண்ணையா, கூட வந்த சினேகிதியையா? யாரும் எடுக்கவில்லை. அது இங்கேயே, யார் கண்ணிலும் படாமல், இத்தனை காலம் கிடந்திருக்கிறது.

மருமகன் ஓடி வந்தார். நான் அழுததைக் கண்டு பயந்துவிட்டார். கடைசியில் அவரிடம் கைச்சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கடலைப் பார்த்தபடி, "அது கெடைக்காது மாமி. இந்த மணல் ஒரு எடத்துல நிக்கிறதில்ல. வருஷா வருஷம் கடல் அள்ளிட்டுப் போய் வேற எங்கயாவது போடும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக்கு பஸ் ஏறி உங்கள் தங்கையைத் தேடிப் போனேன். அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக் கதிரை போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் பேசாமல் இருந்தது, அதிபரிடம் சொன்னது, பெட்டியைப் பார்த்தது, அவள் கையைத் திருப்பியது. மன்னிப்புக் கேட்டேன்.

அவள் தன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு நீங்க எதுக்கு என் கையத் திருப்புனீங்கன்னு எனக்கும் தெரியும். மணவறைக்குப் போகப்போற பொண்ணு, என்ன சொல்ல முடியும்?" என்றாள். "மன்னிப்ப எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய டீச்சர். அது அக்கா குடுக்க வேண்டியது. நான் குடுக்க முடியாது."

நான் எழும்பப் போனேன். அவள் உட்காரச் சொன்னாள்.

"ஒங்களுக்கு ஒன்னு தெரியாது. அக்கா அதத் தேடி மூணு தடவ பொத்துவிலுக்குப் போனாங்க. மாவு சலிக்கிற சல்லடைய எடுத்துக்கிட்டுப் போய், நாள் பூரா மணலச் சலிச்சாங்க. மொத தடவ நானும் கூடப் போனேன். உப்புல கம்பி இத்துப்போச்சு. அடுத்த தடவைக்குப் புதுச் சல்லட வாங்கிட்டுத் தனியாப் போனாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"கெடச்சா கையில குடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தாங்க. கெடைக்காம, தேடுனேன்னு மட்டும் போய்ச் சொன்னா நடிக்கிறான்னு நெனப்பாங்க, வேணாம்னு சொல்லிட்டாங்க."

மூன்றாவது தடவை எப்போது என்று கேட்டேன்.

"என் கல்யாணத்துக்கு அப்புறம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பகல் சாப்பாட்டு மேசையில் என் கணவரிடமும் அவருடைய தாத்தாவிடமும் சொன்னேன். "அது எப்பவோ முடிஞ்ச கதை" என்றார் கணவர். "கதை இல்ல, நாங்க செஞ்ச வேல" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்; வாய்க்குக் கொண்டு போகவில்லை. அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்தச் சங்கிலி என்று அவருக்கு நினைவில்லை. நினைவுபடுத்திவிட்டு, நீங்கள் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர், "அதை நாங்க அவவுக்குச் சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றார்.

நான் கருவியோடு ஒரு மணித்தியாலம் குனிந்து நிமிர்ந்ததற்கே மகள் செவ்விளநீர் வெட்டிக் கொண்டுவந்து தந்தாள், நிழலில் உட்கார வைத்தாள். நீங்கள் மூன்று பஸ் மாறிப் போய், வெறும் சல்லடையோடு, அந்த வெயிலில் தனியாகக் குந்தியிருந்திருக்கிறீர்கள்.

இப்போதுதான் நினைவு வருகிறது. அந்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை நீங்கள் அறைக்கு வந்தபோது முகமும் புறங்கையும் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. "எங்க போனீங்க டீச்சர், இவ்வளவு வெயில்ல?" என்று கேட்டேன். அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டே, "சும்மா, ஒரு வேலையாப் போனேன்" என்றீர்கள். என் கோப்பையில் முதலில் ஊற்றினீர்கள். நான் வாங்கிக் குடித்தேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.